ஆளில்லாக் காடு என்னும் கதை: ஆப்பிரிக்க ஆய்வுகளும் பச்சைமலை அடிவாரமும்

பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டத்தில் பச்சைமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள அரும்பாவூர், மரச்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற பேரூர். கோயில் வாகனங்களும் தெய்வ உருவங்களும் அங்குள்ள பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கப்பட்டு வருகின்றன. 2020ஆம் ஆண்டு அரும்பாவூர் மரச்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பங்களுக்கான வாகை, மா, வேம்பு முதலிய மரங்கள் பொதுவாகப் பச்சைமலைப் பகுதியிலிருந்தே பெறப்படுகின்றன என்பது அக்குறியீட்டையொட்டிப் பதிவான செய்திகளுள் ஒன்று. அதாவது மலைக்கும் மலையடி ஊருக்கும் இடையிலான பொருளியல் உறவு, அரசு ஏற்றுக்கொண்ட ஒரு பதிவாகிவிட்டது.

அதே மலையடியில் விறகு சுமந்தவர்களின் உறவு எங்கே பதிவாகியிருக்கிறது? ஆடு மாடு மேய்த்தவர்கள், புளியும் வேப்பமுத்தும் பொறுக்கியவர்கள், பிறர் நிலத்தில் கூலி கிடைக்காத மாதங்களைக் காட்டை நம்பிக் கழித்தவர்கள் எந்த ஆவணத்தில் இருக்கிறார்கள்? பெரும்பாலும் வனக்குற்றப் பதிவேட்டிலும் அபராத ரசீதிலும்தான். சிற்பியின் உறவு கலையாகவும், சேரிப் பெண்ணின் உறவு குற்றமாகவும் பதிவாகும் இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள, ஆப்பிரிக்கக் காட்டுயிர்களையும் நிலங்களையும் குறித்துக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த வரலாற்று, மானிடவியல் ஆய்வுகள் பெரிதும் உதவுகின்றன. காட்டிலிருந்து மனிதர் எவ்வாறு அழிக்கப்படுகிறார் என்பதையும், அழிக்கப்பட்டவர் எவ்வாறு மீண்டும் சான்றாக்கப்படுகிறார் என்பதையும் அவற்றைப்போல் விரிவாகக் காட்டும் ஆய்வுகள் குறைவு.

விலங்குகள் மட்டும் வாழும் கண்டம்

ஆப்பிரிக்கா என்றதும் நம் மனத்தில் எழும் காட்சி சிங்கமும் வரிக்குதிரையும் திரியும், மனிதரற்ற புல்வெளி. இந்தக் காட்சி தானாக உருவானதன்று. ஜெர்மானிய விலங்கியலாளர் பெர்ன்ஹார்டு கிரிசிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் செரங்கெட்டிப் புல்வெளியின் விலங்குக் கூட்டங்களை விமானத்திலிருந்து கணக்கெடுத்து, அதை நூலாகவும் திரைப்படமாகவும் ஆக்கினர். 1959இல் வெளிவந்த அப்படம் ஆஸ்கர் விருது பெற்றது. அதே 1959இல்தான், பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்த தங்கனிக்காவில், செரங்கெட்டி தேசியப் பூங்காவுக்குள் வாழ்ந்த மாசாய் கால்நடை வளர்ப்போர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, அருகிலுள்ள இங்கொரொங்கொரோ பகுதிக்கு அனுப்பப்பட்டனர். இனி அங்கே உரிமையுடன் வாழலாம் என்று அவர்களுக்கு உறுதி தரப்பட்டது. 1975இல் அங்கும் பயிர்செய்வது தடைசெய்யப்பட்டது. 2022 முதல் அங்கிருந்தும் பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ம்சோமேராவுக்கு அவர்களை இடம்பெயர்க்கும் திட்டம் நடைபெற்றது. ஆங்கிலேயர் போய், விடுதலை பெற்ற தன்சானியா வந்த பின்னும் கதையின் அமைப்பு மாறவில்லை. செரங்கெட்டி என்ற பெயரே மாசாய் மொழியிலிருந்து வந்தது என்பதை மட்டும் சுற்றுலாக் கையேடுகள் மறவாமல் குறிப்பிடுகின்றன.

அந்தப் புல்வெளி ஏன் ஆளற்றதாகத் தெரிந்தது என்பதை விளக்கியவர்கள் வரலாற்றாய்வாளர்கள். 1880களின் இறுதியில் இத்தாலியப் படைகளுக்காகச் செங்கடல் கரையில் இறக்கப்பட்ட கால்நடைகளின் வழியாக வெக்கை நோய் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. அக்கால்நடைகள் இந்தியாவிலிருந்து சென்றவை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. பத்தாண்டுகளுக்குள் அந்நோய் கண்டத்தின் தென்கோடிவரை பரவியது. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவின் மாடுகளில் பத்தில் ஒன்பது பங்கு மடிந்ததாக மதிப்பிடப்படுகிறது. மாடு போனதும் பஞ்சம் வந்தது. பஞ்சத்தோடு அம்மையும் வந்தது. மேய்ச்சலும் தீ வைத்தலும் நின்ற நிலத்தில் புதர் மண்டியது. புதரில் உறக்கநோயைப் பரப்பும் செட்சி ஈ பெருகியது. எஞ்சிய மக்களும் அகன்றார்கள். சரியாக அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்த ஐரோப்பிய அலுவலர்கள், வெறிச்சோடிய ஊர்நிலத்தைப் பார்த்து, 'மனிதக் கைபடாத ஆதி இயற்கை' என்று குறிப்பெழுதினார்கள். ஜான் ஃபோர்டு 1971இலும் ஹெல்கே ஷெக்ஷுஸ் 1977இலும் எழுதிய நூல்கள் இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக எடுத்துக்காட்டின. பேரழிவில் பிறந்த வெறுமை இயற்கையின் தொடக்கநிலையாகப் பெயர்மாற்றம் பெற்றது. அந்தப் பெயரே சட்டமாகவும் ஆனது.

தலைகீழாக வாசிக்கப்பட்ட நிலம்

இத்துறையில் நம் மாணவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஆய்வு என்று ஒன்றைமட்டும் சொல்லச் சொன்னால், மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் கிசிடூகூ பகுதியில் ஜேம்ஸ் ஃபேர்ஹெட்டும் மெலிசா லீச்சும் நடத்திய ஆய்வையே சொல்வேன். அது 1996இல் நூலாக வந்தது. அப்பகுதியில் பரந்த புல்வெளிக்கு நடுவே ஒவ்வோர் ஊரையும் சுற்றி அடர்ந்த மரக்கூட்டம் ஒன்று தீவுபோல நிற்கும். 1890களில் அங்கு ஆட்சியை நிறுவிய பிரெஞ்சு அதிகாரிகளும், அவர்களுக்குப் பின்வந்த தாவரவியலாளர்களும் வனத்துறையினரும் இதற்கு ஒரே விளக்கத்தைத்தான் சொன்னார்கள்: ஒரு காலத்தில் இப்பகுதி முழுவதும் காடாக இருந்தது, கிசி, குரங்கோ மக்கள் தீ வைத்தும் வெட்டியும் அதை அழித்துவிட்டார்கள், ஊரைச் சுற்றி நிற்பது அழிவில் மிஞ்சிய எச்சம். இவ்விளக்கத்தின் பேரில் தீத்தடைச் சட்டங்கள் வந்தன, மரம் வெட்ட அனுமதிச்சீட்டு வந்தது, அபராதம் வந்தது. விடுதலைக்குப் பிறகு அதே விளக்கத்தைக் காட்டிப் பன்னாட்டு நிதியும் வந்தது.

ஆய்வாளர்கள் மூன்று வகைச் சான்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். முதலாவது, 1952இல் எடுக்கப்பட்ட வான்வழி ஒளிப்படங்கள். அவற்றைப் பிற்காலச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டபோது, பல இடங்களில் மரத்தீவுகள் சுருங்கியிருக்கவில்லை, விரிந்திருந்தன. இரண்டாவது, பிரெஞ்சு ஆட்சியின் தொடக்ககால ஆவணங்கள். அவற்றிலும் அப்பகுதி புல்வெளியாகத்தான் வருணிக்கப்பட்டிருந்தது, அழிந்ததாகச் சொல்லப்பட்ட பெருங்காட்டைக் காணவில்லை. மூன்றாவது, ஊர் முதியோரின் வாய்மொழி. எங்கள் முன்னோர் வந்து ஊரமைத்தபோது இங்கே புல்தான் இருந்தது, மரத்தை நாங்கள் வளர்த்தோம் என்று முதியோர் ஊர் ஊராகச் சொன்னார்கள்.

எப்படி வளர்த்தார்கள் என்பதுதான் இதில் மிகவும் சுவையான பகுதி. ஊரைச் சுற்றி மாடு கட்டியும் மேய்த்தும் புல்லைக் குறைத்தார்கள். அதனால் காட்டுத்தீ ஊர் எல்லையில் நின்றுவிட்டது. வீட்டுக் கழிவும் சாம்பலும் விழுந்த மண், பெண்கள் மேடுகட்டித் தோட்டமிட்ட மண், வளம் பெற்று மரக்கன்றுகளைத் தாங்கியது. போர்க்காலங்களில் இலவ மரங்களை அரணாக நட்டார்கள். பின்னர் கோலா மரமும் காப்பியும் வந்தன. இவற்றில் பெரும்பகுதி 'காடு வளர்ப்பு' என்ற பெயரில் நடக்கவில்லை. அன்றாட வாழ்க்கையின் ஓரத்தில் நடந்தது. எனவே காடு வளர்ப்பைத் தேடிவந்த அலுவலரின் கண்ணுக்கு அது தெரியவில்லை. அரைக்காட்சியை மட்டும் கண்டு, வளர்ச்சியை அழிவாக ஒரு நூற்றாண்டு வாசித்தார்கள்.

ஒவ்வோர் அறிக்கையும் தனக்கு முந்தைய அறிக்கையையே சான்றாகக் காட்டியதால் அந்தப் பிழை நீடித்தது. ஊரில் எவரையும் கேட்க வேண்டிய தேவை எழவில்லை. கேட்டாலும், அபராதத்துக்கு அஞ்சிய ஊரார் அலுவலர் விரும்பிய விடையைத்தான் சொல்லியிருப்பார்கள். இந்த முடிவை மேற்கு ஆப்பிரிக்கா முழுமைக்கும் விரிக்க முடியாது என்ற விமர்சனம் பின்னர் ஆய்வுலகில் எழுந்தது, அது நியாயமானதே. காடு உண்மையாகவே அழிந்த இடங்களும் உண்டு. ஆனால் எங்கே அழிந்தது, யாரால் அழிந்தது என்பதை இடத்துக்கு இடம் ஆராய்ந்தே சொல்லவேண்டும் என்ற கடமையை அந்த ஆய்வு நிலைநாட்டிவிட்டது.

அட்டையில் பிரித்தானிய ஆய்வாளர் இருவரின் பெயர்களே பெரிதாக நின்றாலும், களத்தில் அவர்களோடு உழைத்த கினி நாட்டவரான டொமினிக் மிலிமுனோவும் மரீ கமானோவும் இல்லாமல் அந்த ஆய்வு இல்லை. மொழிபெயர்ப்பவர், வழிகாட்டுபவர், தகவல் தருபவர் என்ற நிலையிலேயே ஆப்பிரிக்கர்கள் நிறுத்தப்படுவது அக்கண்டத்தின் ஆய்வுலகில் நெடுங்காலப் புண். 1968இல் கேப்டவுன் பல்கலைக்கழகம் கறுப்பின மானிடவியலாளர் ஆர்ச்சி மஃபேஜேவுக்கு அளித்த பணிநியமனத்தை, நிறவெறி அரசின் அழுத்தத்துக்குப் பணிந்து திரும்பப் பெற்றதையும், மாணவர்கள் அதை எதிர்த்துப் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து போராடியதையும் இங்கே நினைவுகொள்ளலாம். காட்டுயிர்த் துறையில் கென்யாவின் ஊனுண்ணி விலங்காய்வாளர் மொர்டெகாய் ஒகாடாவும் இதழாளர் ஜான் எம்பாரியாவும் இணைந்து எழுதிய நூல், காட்டுயிர்ப் பாதுகாப்பின் நாயகர்கள் ஏன் எப்போதும் வெள்ளையராகவும், வில்லன்கள் எப்போதும் கறுப்பராகவும் காட்டப்படுகிறார்கள் என்ற கேள்வியை நேரடியாக எழுப்பியது. சேரியைப் பற்றிய ஆய்வேடுகளில் சேரியைச் சேர்ந்தவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று பார்த்துப் பழகிய நம் மாணவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஓகியெக் தீர்ப்பு

ஆய்வு நீதிமன்றத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்குக் கென்யாவின் ஓகியெக் மக்கள் எடுத்துக்காட்டு. மாவ் காட்டில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த அவர்களுக்கு, 2009 அக்டோபரில் 30 நாள்களுக்குள் வெளியேறுமாறு அரசு அறிவிப்பு கொடுத்தது. நீர்ப்பிடிப்புக் காட்டைக் காப்பதே காரணம் எனப்பட்டது. வழக்கு ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்தின் வழியாக, அருசாவிலுள்ள மனித, மக்கள் உரிமைகளுக்கான ஆப்பிரிக்க நீதிமன்றத்தை அடைந்தது. 2017 மே 26 அன்று அந்நீதிமன்றம் கென்ய அரசு ஓகியெக் மக்களின் நிலம், பண்பாடு, சமயம், வளர்ச்சி ஆகிய உரிமைகளை மீறியதாகத் தீர்ப்பளித்தது. காடு சிதைந்ததற்கு ஓகியெக் மக்களே முதன்மைக் காரணம் என்பதற்கு அரசு சான்று காட்டவில்லை; பிறரின் ஆக்கிரமிப்பும், அரசே காட்டைப் பிரித்துக் கொடுத்ததும், மரம் வெட்ட அளித்த உரிமங்களும் காரணங்களாக இருந்தன என்று நீதிமன்றம் சுட்டியது. 2022 ஜூன் 23 அன்று 15.78 கோடிக் கென்ய ஷில்லிங் இழப்பீடும், கூட்டு நிலவுரிமைப் பட்டயமும் வழங்க ஆணையிட்டது. இருந்தும் 2023 நவம்பரில் மாவ் காட்டில் மீண்டும் வெளியேற்றம் நடந்தது. தீர்ப்பு வென்றதும் போராட்டம் முடிந்துவிடும் என்று எண்ணுவோர் இந்த இறுதி வரியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கண்டம் தாண்டிய சிவிங்கிப்புலி

இந்தக் கதை நமக்குத் தொலைவானது என்று சொல்ல இனி வழியில்லை. மத்தியப் பிரதேசத்தின் குனோவில், குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களுக்கு இரண்டாம் வாழிடம் அமைப்பதற்காக, 1990களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகளில் 24 கிராமங்கள் காலிசெய்யப்பட்டன. வெளியேறியவர்களில் பெரும்பாலோர் சகாரியா பழங்குடியினர். காட்டிலிருந்து பெற்ற பிசினும் மூலிகையும் மேய்ச்சலும் போய், பாசனமற்ற கல்நிலத்தில் அவர்கள் எவ்வாறு மேலும் வறியவராயினர் என்பதை ஆய்வாளர் அஸ்மிதா காப்ரா பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவுசெய்துள்ளார். சிங்கம் வரவில்லை. குஜராத் தர மறுத்தது. 2013இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்ட பிறகும் வரவில்லை. அதே தீர்ப்பு ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலியைக் கொண்டுவரும் திட்டத்தை நிறுத்தியிருந்தது. 2020இல் அத்தடை நீங்கியது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து 8, 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 எனச் சிவிங்கிப்புலிகள் குனோவில் இறங்கின. மனிதரை நீக்கி உருவாக்கப்பட்ட ஆப்பிரிக்கக் காட்சி, விலங்கோடு சேர்ந்தே இறக்குமதியானது. விமானத்தில் வந்த விலங்கை நாடு முழுவதும் நேரலையில் பார்த்தது; மண்வண்டியில் போன மனிதரைப் பார்க்கவில்லை.

மதராசின் காடும் பதிவேட்டில் இல்லாதவர்களும்

பச்சைமலை புலிகள் காப்பகமன்று. திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும், உயரம் குறைந்த மலைத்தொடர் அது. மலைமேல் மலையாளி பழங்குடியினரும், அடிவாரத்தில் பல சாதியினரும் வாழ்கிறார்கள். ஆயினும் கிசிடூகூவில் நடந்த வாசிப்புப் பிழை இங்கு நடக்கவில்லை என்று கருத இடமில்லை.

சொல்லப்போனால் மதராசு மாகாணத்தில் ஆட்சியாளர்களுக்கே உண்மை தெரிந்திருந்தது. காடு முழுவதும் அரசுக்கே உரியது என்று சட்டமியற்ற இந்திய அரசு முயன்றபோது, மதராசு வருவாய் வாரியம் 1871இல் அதை மறுத்தது. இம்மாகாணத்தின் காடுகள் ஏறக்குறைய அனைத்துமே ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள்தான் இருக்கின்றன. மேயவும் விறகெடுக்கவும் ஊராருக்கு நெடுங்கால உரிமை உண்டு என்பது அதன் வாதம். எனவேதான் 1878ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டம் மதராசில் உடனே நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் எதிர்ப்பு நெடுநாள் நிற்கவில்லை. 1882இல் மதராசு வனச்சட்டம் வந்தது, காப்புக்காடுகள் வரையறுக்கப்பட்டன. உரிமை கோருவோர் வனத்தீர்வு அலுவலரிடம் முறையிடலாம் என்று அச்சட்டத்தில் வழி இருந்தது.

இங்கேதான் சாதி உள்ளே வருகிறது. 'ஊராரின் உரிமை' என்று வருவாய் வாரியம் சொன்னபோது அந்த ஊரார் யார்? ஊர், சேரி என்று இரண்டாகப் பிளந்த குடியிருப்பில், அலுவலரிடம் சென்று உரிமையைச் சொல்லக்கூடியவர் பட்டாதாரரும் கணக்கப்பிள்ளையும் மணியக்காரரும். பறையர், பள்ளர், அருந்ததியர் குடும்பங்கள் காட்டை நம்பி வாழ்ந்திருந்தாலும், அவர்களின் பயன்பாடு நிலவுடையோரின் அனுமதியாகவோ ஏவலாகவோதான் கணக்கில் ஏறியிருக்கும், பெரும்பாலும் ஏறியிருக்காது. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் பறையர் நிலை குறித்து அளித்த அறிக்கை, அவர்கள் நிலமும் குடியிருக்கும் மனையும்கூட உறுதியின்றி வாழ்ந்ததையே விவரிக்கிறது. 1892இல் வந்த பஞ்சமி நில ஆணை அந்த அறிக்கையின் விளைவு. குடிசை நின்ற மண்ணுக்கே உரிமைச்சீட்டு இல்லாதவரிடம் காட்டுரிமைக்குச் சீட்டு எங்கிருந்து வரும்?

ஆப்பிரிக்க ஒப்புமையின் எல்லையும் இதுதான். மாசாயும் ஓகியெக்கும் ஒரு நிலப்பரப்பைத் தமதென்று சொல்லக்கூடிய மக்கள். அவர்களுக்கு எதிரே நின்றது அரசு. தலித் மக்கள் ஊருக்கு ஊர் சிதறி, ஒவ்வோர் ஊரிலும் மற்றவருக்குக் கீழ்ப்படுத்தப்பட்டவர்கள். அவர்களுக்கு எதிரே அரசும் நிற்கிறது, ஊரும் நிற்கிறது. இந்தியச் சூழலியல் எழுத்து 'கிராம சமூகம்' என்று பேசும்போது இந்தப் பிளவை மறைத்துவிடுகிறது என்பதைச் சாதியையும் இயற்கையையும் பற்றிய 2017ஆம் ஆண்டு நூலில் முகுல் சர்மா விரிவாக வாதிட்டுள்ளார். எனவே பழங்குடி மக்களுக்கான பன்னாட்டு உரிமை மொழியை அப்படியே எடுத்துக் கொள்ள நமக்கு இயலாது. சான்று திரட்டும் முறையை எடுத்துக்கொள்ளலாம்.

எழுபத்தைந்து ஆண்டு

2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் இருவகையினருக்கு உரிமையை ஏற்கிறது: வனத்தில் வாழும் பட்டியல் பழங்குடியினர், 'ஏனைய மரபுவழி வனவாசிகள்'. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன் நிலம் தம் பயன்பாட்டில் இருந்ததைக் காட்டினால் போதும். ஏனையோர் அத்தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டில் வாழ்ந்து, காட்டை நம்பியிருந்ததைக் காட்டவேண்டும். காட்டோரத் தலித்துகள் அனைவரும் இந்த இரண்டாம் வகையில்தான் வருகிறார்கள்.

பெரம்பலூர் மாவட்டத்துக்கு இதன் பொருள் என்ன? 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 31 விழுக்காடு. பட்டியல் பழங்குடியினர் அரை விழுக்காட்டையும் எட்டவில்லை. ஆக, இங்குள்ள காட்டோர ஏழைகளில் மிகப் பெரும்பாலோர் அந்த 75 ஆண்டுச் சுவரின் முன்தான் நிற்கிறார்கள். 75 ஆண்டு என்பது 1930ஐக் குறிக்கிறது. அன்று வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ளோருக்கே இருந்தது. குடும்ப அட்டை தோன்றவில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவில் சேரிக் குழந்தைகள் அரிதினும் அரிது. எழுத்தை மறுத்த சமூகம், எழுதப்பட்ட சான்றைக் கேட்கிறது.

தமிழ்நாட்டில் தாமதம் வேறு சேர்ந்துகொண்டது. 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டயம் வழங்குவது தடைப்பட்டது. 2016இல்தான் உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2019 பிப்ரவரியில், கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டு, இரண்டே வாரங்களில் அதைத் தானே நிறுத்திவைத்தது. நிராகரிப்பு என்பது வெறும் மறுப்பாக நின்றுவிடாமல் வெளியேற்றத்தின் முதற்படியாகவும் மாறக்கூடும் என்பதை அந்த இரண்டு வாரங்கள் காட்டின.

ஆனால் இச்சட்டத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளில் 13ஆம் விதியைப் படித்தவர் குறைவு. ஃபேர்ஹெட்டும் லீச்சும் கிசிடூகூவில் பயன்படுத்திய சான்று வகைகள் ஏறக்குறைய எல்லாமே அதில் உள்ளன. மாவட்டக் கையேடுகள், மக்கள்தொகைக் கணக்கு, நிலஅளவை மற்றும் தீர்வு அறிக்கைகள், வரைபடங்கள், செயற்கைக்கோள் படங்கள், வனத்துறையின் செயல்திட்டங்கள், வீடு, குடிசை, வரப்பு, தடுப்பணை போன்ற கண்ணால் காணும் தடயங்கள், தொன்மையைக் காட்டும் கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம், குடிவழி வரலாறு, கோரிக்கையாளர் அல்லாத முதியோர் சொல்லி எழுத்தில் பதிவான வாக்குமூலம் ஆகிய அனைத்தும் சான்றுகள். இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்க வேண்டும் என்றே விதி கேட்கிறது. குறிப்பிட்ட ஒரு காகிதத்தைக் கேட்கவில்லை. செயற்கைக்கோள் படம் பிற சான்றுகளுக்குத் துணையே, மாற்றாகாது என்று 2012இல் செய்த திருத்தம் தெளிவாக்கியது. கோரும் அதே துண்டு நிலத்தை 75 ஆண்டுகள் உழுதிருக்க வேண்டும் என்பதும் தவறான வாசிப்பு; அந்தக் காலவரை வாழ்ந்ததற்கும் காட்டை நம்பியிருந்ததற்கும் உரியது. அலுவலகங்களில் இந்தத் தவறான வாசிப்பே விதிபோல் உலவுகிறது.

இடுகாடு, கிணறு என்ற இரு சொற்களை மீண்டும் கவனியுங்கள். தீண்டாமை நம் மக்களுக்குத் தனிக் கிணறும் தனி இடுகாடும் தனிக் கோயிலும் தனிப் பாதையும் விதித்தது. அந்தப் பிரிவினை நிலத்தின்மேல் அழியாத கோடாக விழுந்திருக்கிறது. பழைய நிலஅளவை வரைபடங்களிலும் கிராமத்தின் 'அ' பதிவேட்டிலும் சேரி நத்தம் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால், சேரி இடுகாட்டுக்குத் தனிப் புல எண் இருந்தால், ஒதுக்கிவைத்தவரின் கையெழுத்தே நாம் அங்கே வாழ்ந்ததற்குச் சான்றாகிறது. வட்டாட்சியர் அலுவலகத்திலும், பெரம்பலூர் முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்ததால் அம்மாவட்டத்தின் பழைய ஆவணங்களிலும், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் இவற்றைத் தேடலாம். 1960களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளான கொரோனா எடுத்த படங்கள் 1995இல் பொதுவெளிக்கு வந்துவிட்டன. மலையடியின் மரக்கூட்டங்களை இன்றைய படங்களோடு ஒப்பிட அவை பயன்படும். புவியியல் மாணவர் ஒருவரும் வரலாற்று மாணவர் ஒருவரும் சேர்ந்தால் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை இது.

மலையாளி மக்களுக்கு எதிராக இந்தக் கோரிக்கை திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதே அளவு முக்கியம். பழங்குடியினர் உள்ள ஊர்களில் வனவுரிமைக் குழுவில் குறைந்தது மூன்றில் இரு பங்கினர் அவர்களாகவே இருக்கவேண்டும் என்பது விதி. அதைத் தடையாகக் கருதத் தேவையில்லை. தனிநபர் நிலக் கோரிக்கையில் போட்டி எழக்கூடும். மேய்ச்சல், சுள்ளி, தேன், மூலிகை, நீர்நிலை ஆகியவற்றுக்கான சமூக உரிமைக் கோரிக்கையில் மேலும் கீழும் உள்ளோர் ஒரே மனுவில் கையெழுத்திட முடியும். சிறுவன மகசூல் என்பதில் சுள்ளியும் அடிக்கட்டையும் மூங்கிலும் அடங்கும். சிற்பிகள் கேட்கும் பெருமரம் அடங்காது. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே பேசிவிட்டால் பின்னர் சச்சரவு வராது.

1930ஐக் கண்ணால் கண்டவர் இன்று எவரும் எஞ்சியிருப்பது அரிது. எனவே முதியோர் வாக்குமூலம் என்பது அவர் தம் பெற்றோரிடமும் பாட்டியிடமும் கேட்டதாகவே இருக்கும். பாட்டி எந்தப் பாதையில் மலையேறினார், எந்த ஓடையில் தண்ணீர் குடித்தார், எந்தப் பாறைக்கு என்ன பெயர், எந்த மரத்தடியில் எந்தச் சாமி, எந்த ஆண்டுப் பஞ்சத்தில் எந்தக் கிழங்கைத் தோண்டினார் என்று கேட்டு எழுதவேண்டும். இடப்பெயரோடும் நிகழ்வோடும் வரும் நினைவுக்கு வரைபடத்தில் இடம் உண்டு. 'காலங்காலமாக வாழ்கிறோம்' என்ற பொதுவரிக்கு இல்லை. எழுதும்போது சொல்பவரின் பெயரை ஆய்வாளரின் பெயருக்கு மேலே போடுங்கள்.

அரும்பாவூரில் இவற்றுக்கெல்லாம் முன்னே ஒரு சிக்கல் நிற்கிறது. சட்டப்படி கோரிக்கையைப் பெற்றுத் தொடங்கிவைக்க வேண்டியது கிராம சபை. அரும்பாவூரோ பேரூராட்சி, அருகிலுள்ள பூலாம்பாடியும் பேரூராட்சியே. ஊராட்சிகளுக்குக் கூடும் கிராம சபை அங்கே கூடுவதில்லை. நகர்ப்புற உள்ளாட்சிப் பகுதிகளுக்கும் இச்சட்டம் பொருந்தும், அங்கே குடியிருப்பு அளவிலான சபை அப்பணியைச் செய்யலாம் என்பது நடுவண் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் நிலைப்பாடு. ஆகவே மாவட்ட ஆட்சியரிடம் முதலில் கொடுக்க வேண்டிய மனு நிலம் கேட்பதன்று. சேரியும் ஊரும் மலையடிக் குடியிருப்புகளும் தனித்தனியே தத்தம் சபையைக் கூட்ட அறிவிப்பு வெளியிடுமாறு கேட்பது.